வீட்டுத்தோட்டத்துல ஆப்பிரிக்க நத்தை: குறையுதா கூடுதான்னு கணக்கு எடுக்குறது எப்படி?

செம்மண்_கோவை

வணக்கங்க எல்லாருக்கும். எங்க வீடு பாலக்காடு ரோட்டுப் பக்கம், வீட்டைச் சுத்தி கொஞ்சம் இடம் இருக்குது, பப்பாளி, வாழை, முருங்கை, ஒரு அவரைப் பந்தல், நாலு பாத்தி கீரை. மழை ஆரம்பிச்சா போதும், இந்த ஆப்பிரிக்க நத்தை வந்துருது. ராத்திரி சாப்பிட்டுட்டு டார்ச் எடுத்துட்டு வெளிய வந்தா காம்பவுண்ட் சுவர்ல, பப்பாளித் தண்டுல, தொட்டி ஓரத்துலனு எங்க பாத்தாலும் அதுதான். கீரை முளைச்சு ரெண்டு இலை விட்டா காலையில மொட்டையா நிக்குது.

நானும் அப்பாவும் பொறுக்கிப் பொறுக்கி உப்புத் தண்ணி வாளியில போட்டுட்டே இருக்கறோம், ஆனா குறையுதா கூடுதான்னு சொல்லவே முடியலைங்க. ஒரு ராத்திரி அரை வாளி, அடுத்த ராத்திரி ஒண்ணு ரெண்டுதான். "தீந்துருச்சுடா"னு அப்பா சொல்லுவாரு, அடுத்த மழைக்கு மறுபடி அரை வாளி. இதை முறையா கணக்கெடுக்க வழி இருக்குதுங்களா? யாராவது வீட்டுலயே செஞ்சிருக்கீங்களா? பொறுக்கறதுனால நிஜமாவே குறையுதானு தெரிஞ்சுக்கணும், அதுதான் வேணும்.

நாஞ்சில்_மழை

நல்ல கேள்வி தம்பி. பொறுக்குற ஆளு ஊருக்கு நூறு பேர் உண்டு, எழுதி வைக்கிற ஆளுதான் கிடையாது. எழுதாம பொறுக்குனா நீங்க சொல்ற குழப்பம்தான் வரும், ஏன்னா நீங்க ராத்திரி பாக்குறது தோட்டத்துல எத்தனை நத்தை இருக்குங்கிறத இல்ல, அன்னிக்கு எத்தனை வெளிய வந்துச்சுங்கிறதத்தான். ரெண்டும் வேற வேற. ஈரம் இல்லேன்னா அது வெளிய வராது, கல்லிடுக்குலயோ மண்ணுக்குள்ளயோ போயி ஓட்டோட வாயை வெள்ளையா ஒரு சவ்வு கட்டி மூடிக்கிட்டு மாசக்கணக்கா கிடக்கும், செத்துப் போச்சுன்னு நினைப்போம், ஒரு மழை விழுந்தா எந்திரிச்சு வந்துரும்.

அதனால கணக்குன்னா முதல் விதி, எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சுக்கிடணும். அதே இடம், அதே நேரம், அதே அளவு நேரம், முடிஞ்சா அதே ஆள். நான் எங்க விளையில செய்யிறத சொல்லுதேன். தோட்டத்துல நாலு இடத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமா செங்கல் வச்சு மூலை குறிச்சுருக்கேன், கீரைப் பாத்தியில ஒண்ணு, வாழை மூட்டுல ஒண்ணு, குப்பைக் குழி ஓரத்துல ஒண்ணு, வெறுந்தரையில ஒண்ணு. வெறுந்தரையில என்ன கிடைக்கும்னு கேக்காதீங்க, அது வேணும், நத்தை இருக்குற இடமாப் பாத்து மட்டும் எண்ணினா தோட்டம் பூரா அப்படித்தான்னு மனசு நம்பிரும். இதோட சுவர்ல ஒரு அஞ்சு மீட்டர் நீளம் சாக்பீஸால கோடு போட்டு வச்சுருக்கேன். மழை பெய்ஞ்சதுக்கு அப்புறம் வர்ற ராத்திரி எட்டரை மணிக்கு மேல போயி, அந்த நாலு கட்டத்தையும் சுவரையும் இருபது நிமிசத்துக்குள்ள பாத்து முடிக்கணும். அதுக்கு மேல தேடக்கூடாது. நேரம் கூடக் கூட எண்ணிக்கையும் கூடும், அப்ப போன வாரத்தோட இந்த வாரத்த ஒப்பிட முடியாது.

நோட்டுல எழுதுறது ரொம்ப இல்ல. தேதி, கடைசியா மழை பெய்ஞ்சது எப்ப, எந்தக் கட்டம், எத்தனை. ஆனா எத்தனைங்கிறத மூணாப் பிரிச்சு எழுதுங்க, ரெண்டு சென்டிமீட்டருக்குக் கீழ, ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும், அஞ்சுக்கு மேல. இதுலதான் விசயமே இருக்கு. பெருசு குறைஞ்சு பொடிசு திடீர்னு கூடுனா உங்க தோட்டத்துக்குள்ளயே எங்கயோ முட்டை பொரிஞ்சிருக்குன்னு அர்த்தம். பெருசு மட்டும் வந்துகிட்டே இருக்கு, பொடிசே இல்லேன்னா வெளிய இருந்து ஏறி வருதுன்னு சந்தேகப்படலாம். ரெண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேற.

இன்னொண்ணு, சாக்குப் பொறி. கோணிச்சாக்க நல்லா நனைச்சு உள்ள பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வச்சு சாயங்காலம் போட்டுட்டு, விடிஞ்சதும் தூக்கிப் பாத்தா அடியில ஒட்டிக்கிட்டு கிடக்கும். எப்பவும் அதே இடத்துல, அதே அளவு சாக்கு. ராத்திரி முழிச்சிருக்க முடியாத வயசானவங்களுக்கு இதுதான் தோது.

மாடி_மல்லி

நாஞ்சில் அண்ணா சொன்னது சூப்பர், நான் சென்னை, மொட்டை மாடில தொட்டிதான். எனக்கு ஒரு சந்தேகம், என் தொட்டில இருக்கிறது எல்லாம் பொடிப்பொடியா ஊசி மாதிரி நீட்டமா ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத நத்தைங்க, மண்ணைக் கிளறினா வருது. கீழ் வீட்டு ஆன்ட்டி இதெல்லாம் ஆப்பிரிக்க நத்தையோட குட்டினு சொல்லி தொட்டி மண்ணையே வெயில்ல கொட்டச் சொல்றாங்க. கீழ பார்க்கிங் பக்கம் மழைக்காலத்துல தட்டையா உருண்டையா பிரவுன் கோடு போட்ட நத்தை ஒண்ணு வரும், அதையும் எண்ணணுமா? எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஓடு_பொறுக்கி

மல்லி, கொட்டாதீங்க கொட்டாதீங்க. நீங்க சொல்ற ஊசி நத்தை பெரும்பாலும் அலோபியாஸ் கிராசிலே, தொட்டி மண்ணுல ரொம்ப சாதாரணமா இருக்கிற ஒண்ணு, பெரும்பாலும் மக்கினதைத்தான் தின்னும், அது வளர்ந்தாலே அவ்வளவுதான் இருக்கும். ஆப்பிரிக்க நத்தைக் குஞ்சு பொரிஞ்ச உடனே அஞ்சு மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும், ஆனா ஊசியா இருக்காது, குண்டா, ஓடு மெல்லிசா இருக்கும், வளர வளரத்தான் கூம்பா நீளும்.

பார்க்கிங்ல வர்றது கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ்னு நினைக்கிறேன், போட்டோ போடுங்க பாப்போம். நம்ம ஊர் நத்தை, தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் பரவலா உண்டு. தட்டையான உருண்டை ஓடு, வெளிர் நிறம், சுத்தி ஒரு கரும்பட்டை. மழைக்காலத்துல கூட்டமா வந்தா இதுவும் இளஞ்செடியைக் கடிக்கும்தான், அதை மறைக்கல, ஆனா இது இந்த மண்ணோட சொந்தக்காரன். எண்ணுங்க, கட்டாயம் எண்ணுங்க, ஆனா நோட்டுல தனி வரிசை போட்டு எண்ணுங்க, உப்பு வாளியில போடாதீங்க.

ஆப்பிரிக்க நத்தைக்கு அடையாளம் ரொம்ப கஷ்டமில்ல. லிசாகேட்டினா ஃபுலிகா, பழைய பேர் அகாட்டினா ஃபுலிகா. கூம்பு வடிவம், முழுசா வளந்ததுல ஏழுல இருந்து ஒன்பது சுத்து, பழுப்புல மேல இருந்து கீழ தீத்தின மாதிரி ஒழுங்கில்லாத கோடுகள். கையுறை போட்டுகிட்டு காலி ஓடு ஒண்ணைத் திருப்பி வாய்ப்பக்கம் பாருங்க, நடுவுல சுத்தி இறங்கி வர்ற தூண் அடியில வந்து சட்டுனு வெட்டிவிட்டாப்ல நிக்கும், வாயோட விளிம்பு வரைக்கும் வளைஞ்சு போகாது. அது இருந்தா சந்தேகமே வேண்டாம். நம்ம வயல்ல, குளத்துல கிடைக்கிற, சில ஊர்ல சமைச்சு சாப்பிடுற நத்தை இருக்கே, பைலா, அதுக்கு ஓட்டு வாயில கெட்டியா ஒரு மூடி இருக்கும், உடம்பை உள்ள இழுத்தா கதவு மாதிரி அடைச்சுக்கும். ஆப்பிரிக்க நத்தைக்கு அந்தக் கெட்டி மூடி கிடையாது. இதை மாத்தி எடுத்துட்டுப் போய் சமைக்கிறது ஆபத்து, அது தனிக் கதை.

இதுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்துறேன்னா, மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் 270 வகை பக்கம் நிலநத்தை இருக்கு, அதுல முக்கால்வாசி வேற எங்கயுமே கிடையாது. இண்ட்ரெல்லா ஆம்புல்லான்னு ஒண்ணு, உடம்பு சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுனு இருக்கும், மலையோரத் தோட்டங்கள்ல மழையில பாக்கலாம். நத்தைன்னாலே பூச்சின்னு முடிவு கட்டி எல்லாத்தையும் வாளியில அள்ளினா இதுங்களும் சேந்து போகுது, போனது போனதுதான். கணக்கெடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா போட்டோ மட்டும் எடுங்க, மேல இருந்து ஒண்ணு, வாய்ப்பக்கம் ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேலோ ரூபாய்க் காசோ வச்சு. ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இணையதளத்துல ஏத்துங்க, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்லயும் ஏத்தலாம், பேர் சொல்ல ஆள் வருவாங்க.

விலங்கியல்_மூணாம்வருசம்

நாங்க காலேஜ்ல படிச்ச ஒரு முறை இருக்கு, குறி வச்சு மறுபடி பிடிக்கிறது. முதல் ராத்திரி பிடிக்கிற நத்தை எல்லாத்துக்கும் ஓட்டுல நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வச்சு அங்கயே விட்டுடணும், ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்பப் பிடிக்கணும். உதாரணத்துக்கு முதல் தடவை 40ஐ குறிச்சு விட்டோம், ரெண்டாவது தடவை 50 கிடைக்குது, அதுல 10ல புள்ளி இருக்குன்னா, மொத்தம் 40 பெருக்கல் 50 வகுத்தல் 10, அதாவது 200 பக்கம் இருக்குன்னு கணக்கு. வெளிய வராததையும் சேத்துச் சொல்ற ஒரு வழி இது, கட்டம் போட்டு எண்றதுல அது வராது. செம்மண் அண்ணா இதை டிரை பண்ணலாமே.

நாஞ்சில்_மழை

கணக்கு சரிதான் தம்பி, ஆனா ஆப்பிரிக்க நத்தையப் பிடிச்சுட்டு திரும்ப விடச் சொல்லாதீங்க. ஒண்ணு ஒரு தடவ 100ல இருந்து 400 முட்டை வரைக்கும் இடும், வருசத்துக்குப் பல தடவ. ஆண் பெண் ரெண்டும் ஒரே உடம்புல, ஒரு தடவ இணை சேந்தா அந்த விந்த உள்ள சேத்து வச்சுக்கிட்டு அப்புறம் தனியாவே பல தடவ முட்டை இட்டுரும். புள்ளி வச்சு விடுற நாப்பதுல பாதி அந்த மூணு நாள்ல முட்டை இட்டா என்ன ஆகும்?

இதுக்குப் பதிலா எடுத்துக்கிட்டே எண்ணுற முறை இருக்கு. ஒரே இடத்துல, ஒரே நேர அளவுல, தொடர்ந்து சில ராத்திரி பொறுக்கி எடுத்துருங்க, ஒவ்வொரு நாளும் எத்தனைன்னு எழுதுங்க. 60, 30, 15ன்னு சரிஞ்சா ஒவ்வொரு ராத்திரியும் இருக்குறதுல பாதிய எடுத்துருக்கீங்க, இன்னும் கொஞ்சந்தான் மிச்சம்னு கணக்குப் போட்டுறலாம். 60, 55, 62ன்னு நின்னா நீங்க எடுக்குறது கடல்ல இருந்து கோரி எடுக்குறதுதான், வேற வழி பாக்கணும். ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க, அந்த ராத்திரிகள் எல்லாம் ஒரே மாதிரி ஈரமா இருக்கணும். முதல் நாள் மழை, மூணாம் நாள் காஞ்ச காத்துன்னா எண்ணிக்கை சரிஞ்சது நீங்க எடுத்ததுனால இல்ல, அது உள்ள போயிட்டுதுல்லா. செம்மண் தம்பியோட அப்பாவுக்குத் தீந்துருச்சுன்னு தோணுறது இதனாலதான்.

நெயில் பாலிஷ நம்ம ஊர் நத்தைக்கு வைங்க, அங்க அது அருமையான முறை. நான் விட மாட்டேன்னு சொல்றது ஆப்பிரிக்க நத்தைய மட்டுந்தான்.

விலங்கியல்_மூணாம்வருசம்

ஆமா அண்ணா, அது சரிதான். அப்ப கிரிப்டோசோனாவுக்கு எங்க ஹாஸ்டல் தோட்டத்துல செய்யப் போறேன். புள்ளியை ஓட்டோட வாய்க்குத் தள்ளி, பழைய சுத்துல வைக்கணும், வாய் ஓரத்துல வச்சா ஓடு வளரும்போது உடைஞ்சு போகலாம்னு எங்க சார் சொன்னாரு. பளபளன்னு கலர் வேண்டாம், பறவைக்குக் கண்ணுல படாத பழுப்பு கலர் நல்லதுன்னும் சொன்னாரு.

வடவள்ளி_வாசல்

இவ்வளவு எதுக்குங்க, நாங்க பிடிச்சு பக்கத்து காலி மனைக்கு வீசிருவோம், கொல்ற பாவமும் வேண்டாம். எண்றதுக்கு எல்லாம் யாருக்குங்க நேரம்.

செம்மண்_கோவை

வடவள்ளி அண்ணா, எங்க வீட்டுக்கு மேற்கால ஒரு காலி மனை இருக்குது, ஆளுயரத்துக்குப் புல்லு. அங்க இருந்துதான் வருதோன்னு எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்குதுங்க. அந்தப் பக்கத்துச் சுவர்லதான் எப்பவும் நிறைய.

ஓடு_பொறுக்கி

காலி மனைக்கு வீசினா திரும்பி வரும். இங்கிலாந்துல இதை ஒரு பாட்டிதான் கேள்வியா எழுப்புனாங்க. 2010ல பிபிசி ரேடியோ 4 பொதுமக்கள்ல இருந்து ஆராய்ச்சி யோசனை கேட்டு நடத்துன போட்டியில ரூத் புரூக்ஸ்னு ஒரு தோட்டக்காரம்மா, நத்தையைக் கொல்ல மனசில்லாம தூர விட்டா திரும்பி வருதே, எவ்வளவு தூரம் விட்டா வராதுன்னு கேட்டு ஜெயிச்சாங்க. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து டேவ் ஹாட்ஜ்சனோட சேந்து ஓட்டுல குறி வச்சு பக்கத்து வீட்டோட மாத்தி மாத்தி விட்டுப் பாத்ததுல கிட்டத்துல விட்டது திரும்பி வந்துச்சு, ரொம்பத் தூரம் கொண்டு போனாத்தான் திரும்பி வர்றது குறையுதுன்னு கண்டாங்க. அது அந்த ஊர் தோட்டத்து நத்தை, வேற வகை. ஆனா ஆப்பிரிக்க நத்தையும் ராத்திரி மேய்ஞ்சுட்டு விடியறதுக்குள்ள பழைய இடத்துக்கே திரும்பும், ஜப்பானோட ஒகாசவாரா தீவுகள்ல இதைக் குறிச்சுப் பாத்துருக்காங்க. சுவருக்கு அந்தப் பக்கம் வீசுறது அதுக்கு ஒரு ராத்திரி நடை, அவ்வளவுதான்.

இன்னும் தூரமா கொண்டு விட்டாலும் வேற யாரோட கீரைக்கோ அனுப்புறோம். இந்தியாவுக்குள்ள வந்ததே மனுசன் கையாலதான், 1847ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரர், ஓடு சேகரிக்கிறவர், மொரீஷியஸ்ல இருந்து கொண்டு வந்து கல்கத்தாவுல விட்டது. ஃபுளோரிடாவுல 1966ல ஒரு சின்னப் பையன் ஹவாய்ல இருந்து மூணே மூணு கொண்டு வந்தான், தோட்டத்துல விட்டாங்க, ஏழு வருசத்துல 18,000 வரைக்கும் பொறுக்குனாங்க, ஒழிச்சு முடிக்க 1975 ஆச்சு. மறுபடி 2011ல மியாமியில தலைகாட்டுச்சு, மோப்ப நாய் எல்லாம் வச்சு தேடி, ஒண்ணுமே கிடைக்காம போன பிறகும் வருசக்கணக்கா விடாம தேடி, அப்புறம்தான் 2021ல இல்லைன்னு அறிவிச்சாங்க. 2022ல வேற மாவட்டத்துல மறுபடி. பூஜ்யம் வந்த ராத்திரியோட நோட்டை மூடி வைக்கக் கூடாதுங்கிறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இரத்தினபுரி_முற்றம்

இலங்கையில இருந்து எழுதுறன். இங்கயும் அந்த நத்தை 1900 வாக்கில வந்து சேர்ந்தது, இப்ப கீரைத் தோட்டம், வாழைத் தோட்டம் எல்லா இடமும் இருக்கு. எங்களுக்கு இருக்கிற கவலை வேற. எங்க வீட்டு மரத்துல, பலா மரத்து அடியில, அகாவஸ் நத்தை இருக்கு, இந்தத் தீவுல மட்டும் வாழுற இனம். பெருசு, ஓடு மினுக்கமா இருக்கும், சில வகைக்கு வாய் விளிம்பு நல்ல சிவப்பு. மரம் ஏறி பாசி, பூஞ்சையைத் தின்னுற சாது. இது முட்டை இடுறது கொஞ்சம்தான், ஆனா ஒவ்வொரு முட்டையும் பெருசு. ஆப்பிரிக்க நத்தை நூற்றுக்கணக்கில இடுற இடத்துல இது விரல் விட்டு எண்ணுற அளவுதான் பெருகும். அதனால ஒருதரம் தோட்டத்துல மருந்து போட்டு எல்லாத்தையும் கொன்னா ஆப்பிரிக்க நத்தை அடுத்த மழைக்கே திரும்பி வரும், அகாவஸ் வராது.

நாங்க மரத்துக்கு நம்பர் போட்டு வச்சு, ஒவ்வொரு மரத்துலயும் நிலத்துல இருந்து தலைக்கு மேல டார்ச் எட்டுற உயரம் வரைக்கும் பார்த்து எழுதுறம். தரையில எண்ணுறவங்க மரத்தையும் பாருங்க, அண்ணாந்து பார்க்காததால இல்லைனு எழுதினவங்க இங்க கனபேர்.

மாடி_மல்லி

போட்டோ போட்டிருக்கேன் பொறுக்கி அண்ணா. என் பையனுக்கு ஆறு வயசு, நத்தையைக் கண்டாலே கையில தூக்கிடுறான், அதனால கேக்குறேன், தொட்டா ஏதாவது வருமா? வாட்ஸ்அப்புல மூளைக்காய்ச்சல்னு ஒரு மெசேஜ் சுத்துது.

வார்டு_செவிலி

மெசேஜ்ல பாதி பயமுறுத்தல், ஆனா உள்ள இருக்கிற விசயம் உண்மை. எலி நுரையீரல் புழுன்னு ஒண்ணு, ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் கன்டோனென்சிஸ். எலிக்குள்ள வளந்து எலிப் புழுக்கை வழியா வெளிய வருது, அதைத் தின்னுற நத்தைக்குள்ள போய் அடுத்த கட்டம் வளருது. அந்த நத்தையைப் பச்சையாவோ சரியா வேகாமலோ சாப்பிட்டா, இல்ல பொடி நத்தை ஒட்டின கீரையைக் கழுவாம பச்சையா சாப்பிட்டா மனுசனுக்கு வந்து மூளை உறையில அழற்சி உண்டாக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோல்ல எறும்பு ஊர்ற மாதிரி எரிச்சல். நத்தை தின்ற உடும்பைப் பச்சையா சாப்பிட்டவங்களுக்கு வந்ததா தென்னிந்தியாவுலயே மருத்துவப் பதிவு இருக்கு.

சும்மா ஓட்டைத் தொட்டதுக்கே வந்துரும்னு பயப்படாதீங்க, தொட்ட கையை வாயில வைக்கிறதுதான் பிரச்சனை, ஆறு வயசுப் பிள்ளை அதைத்தான் செய்யும். அதனால பையனை எண்ணச் சொல்லுங்க, எழுதச் சொல்லுங்க, தூக்குறது நீங்க, கையுறை இல்லேன்னா பிளாஸ்டிக் கவரை கையில மாட்டிக்கோங்க, முடிஞ்சதும் சோப்பு. அளக்குற ஸ்கேலைத் தனியா வச்சுக்கோங்க, பென்சில் பாக்ஸ்ல போடாதீங்க. கீரையை இலை இலையா ஓடுற தண்ணியில அலசி வேக வச்சு சாப்பிட்டா கவலை இல்ல.

ஓடு_பொறுக்கி

மல்லி, போட்டோ பாத்தேன், பார்க்கிங் நத்தை கிரிப்டோசோனாவேதான். ரெண்டாவது படத்துல கருப்பா தோல் செருப்பு மாதிரி தட்டையா ஓடு இல்லாம ஒண்ணு ஒட்டிகிட்டு இருக்கே, அது லேவிகாலிஸ் ஆல்டே, ஓடில்லா நத்தை, அதுவும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான். அதுக்கும் நோட்டுல ஒரு வரிசை போடுங்க.

வடவள்ளி_வாசல்

வீசறதை நிறுத்திக்கறேங்க, திரும்பி வர்றது தெரியாது. அப்ப என்னதான் பண்றது? உரக்கடையில நத்தை மருந்துன்னு நீலக் குருணை குடுக்கறாங்க, போட்டுடலாமா? எங்க வீட்ல நாய் இருக்குது.

நாஞ்சில்_மழை

நாய் இருக்குற வீட்டுல அந்தக் குருணை வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் மெட்டால்டிஹைடா இருக்கும், நாய் மோந்து பாத்து தின்னும், வலிப்பு வந்து சாகும். பிரிட்டன்ல 2022 ஏப்ரல்ல இருந்து வெளியில பயன்படுத்தவே தடை போட்டுட்டாங்க, பறவை, முள்ளெலி எல்லாம் பாதிக்குதுன்னு. மருந்துதான் போடணும்னா அயர்ன் பாஸ்பேட் குருணை கிடைக்குதான்னு கேளுங்க, அது அந்த அளவுக்கு ஆபத்தில்ல.

பீச்சியில இருக்குற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற முறை ஒண்ணு உண்டு, 25 கிராம் புகையிலைய ஒண்ணரை லிட்டர் தண்ணியில போட்டு ஒரு லிட்டரா வத்துற வரைக்கும் கொதிக்க வச்சு வடிகட்டி, 60 கிராம் மயில்துத்தத்த (காப்பர் சல்பேட்) இன்னொரு லிட்டர் தண்ணியில கரைச்சு, ரெண்டையும் கலந்து தெளிக்கிறது. சாக்குப் பொறியில கூடுன நத்தை மேல மட்டும் தெளிக்கணும். கீரை மேல, கிணத்துப் பக்கம், மீன் தொட்டி பக்கம் போகவே கூடாது, துத்தம் மீனக் கொல்லும். புகையிலைக் கசாயமும் விஷந்தான், பிள்ளைய எட்ட நிறுத்துங்க. எங்க வீட்டுல நான் கெட்டி உப்புக் கரைசல் வாளியோட நிறுத்திக்கிடுதேன். உப்ப நேரா மண்ணுல தூவாதீங்க, நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும். செத்தத ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடணும்.

காலி ஓட்டையும் விடாதீங்க, ரெண்டு காரணம். மழையில தண்ணி நின்னு அதுல கொசு முட்டை இடும், டெங்கு கொசுவும் அதுல வளரும். அடுத்தது, எண்ணும்போது ராத்திரி வெளிச்சத்துல காலி ஓடும் உயிருள்ளதும் ஒண்ணு போலத் தெரியும். நான் ஒவ்வொரு கணக்குக்கு முந்தின பகல்லயும் கட்டத்துக்குள்ள இருக்குற காலி ஓட்டப் பொறுக்கிட்டு அதையும் எழுதிருவேன். பக்கவாட்டுல உடைஞ்சு துண்டா கிடந்தா செம்போத்து வேலை, கடிச்சுக் குதறுன மாதிரி இருந்தா பெருச்சாளி. உடைஞ்ச ஓடு கூடுற வருசம் நமக்கு உதவிக்கு ஆள் இருக்குன்னு சந்தோசப்படலாம்.

விலங்கியல்_மூணாம்வருசம்

செம்போத்து மட்டுமில்ல, பெரிய மின்மினியோட புழுவும் நத்தை தின்னும், தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்கிற வகை, கருப்பா கட்டம் கட்டமா இருக்கும், வால் பக்கம் ராத்திரி பச்சையா ஒளி விடும். அது நத்தை முதுகுல ஏறி கடிச்சு மயக்கிட்டு தின்னும். அதைப் பாத்தா புழுன்னு நசுக்கிடாதீங்க ப்ளீஸ்.

ஆனா வெளிநாட்டு எதிரியைக் கொண்டு வந்து விடுறது மட்டும் கூடாது. ஹவாய்ல 1955ல ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும்னு யூக்ளாண்டினா ரோசியாங்கிற நத்தை தின்னி நத்தையை விட்டாங்க. அது உள்ளூர் மர நத்தைகளைத் தின்னுச்சு. மூரியா தீவுல 1977ல விட்டாங்க, பத்து வருசத்துக்குள்ள அந்தத் தீவோட பார்டுலா நத்தை காட்டுல இல்லாமலே போச்சு. விட்டதுக்கு அப்புறம் உள்ளூர் நத்தையை ஆராய்ச்சியாளர்கள் எண்ணி வச்சிருந்ததால எவ்வளவு வேகமா போச்சுன்னாவது தெரிஞ்சுது. எண்ணாத தீவுகள்ல என்னென்ன போச்சுன்னே தெரியாது.

செம்மண்_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இந்த மழைக்கு நாஞ்சில் அண்ணா சொன்னபடி கட்டம் போட்டு ஆரம்பிச்சுட்டேன், மேற்குச் சுவர், கிழக்குச் சுவர் ரெண்டுலயும் ஒரே நீளம் கோடு போட்டு தனித்தனியா எழுதறேன். மேற்குல பெருசு, கிழக்குல பொடிசு. அப்படின்னா மனையில இருந்து ஏறி வர்றதும் உண்டு, உள்ளுக்குள்ளயே பொரியறதும் உண்டுன்னு புரியுதுங்க. கிழக்கால தொட்டி அடுக்கு இருக்குது, ஒவ்வொண்ணா நகத்திப் பாத்தேன், ஒரு தொட்டிக்கு அடியில ஈர மண்ணுல ஒரு குவியல் முட்டை, ஜவ்வரிசி மாதிரி, இளமஞ்சளா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. அப்பாவைக் கூப்புட்டுக் காட்டினேன், ராத்திரி பூரா குனிஞ்சு பொறுக்கறதை இந்த ஒரே தொட்டி ஈடு கட்டிருதேன்னு சொல்லிட்டு, மறுநாள் காலையில இருந்து அவரே தொட்டிகளைத் தூக்கிப் பாக்கறாரு.

பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் பேசினேன், அவங்களும் சாக்கு போடறாங்க, மனைக்காரர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து போய் புல்லு வெட்டித் தரச் சொல்லி கேக்கறதா இருக்கறோம். ஒரே கேள்வி மிச்சம். அந்த முட்டை இருந்த தொட்டி சமீபத்துல நர்சரியில வாங்கினது. செடியோடயே வந்திருக்குமா? புதுசா வாங்கற செடியை எப்படி சோதிக்கறது?

நாஞ்சில்_மழை

வந்திருக்கலாம் தம்பி. இது ஊர் விட்டு ஊர் போறதுல பெரிய பங்கு மண்ணு, எரு, செடிப் பாக்கெட், மரத்தடி லாரி இதெல்லாந்தான், தானா ஊர்ந்து போறது கொஞ்சம். ஆனா வாங்குனதுக்கு அப்புறம் உங்க தோட்டத்து நத்தையே வந்து இட்டிருக்கவும் கூடும், அதனால கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, இனிமே வாங்குறத சோதிங்க.

வாங்குன செடிய நேரா தோட்டத்துல வைக்காம சிமெண்ட் தரையில தனியா வைங்க. பாக்கெட்டுக்கு அடியில, தொட்டி விளிம்புக்கு உள்பக்கம், மேல் மண்ணு ரெண்டு மூணு விரல் ஆழம் கிளறிப் பாருங்க, முட்டை பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்ளதான் இருக்கும். தினம் சாயங்காலம் லேசா தண்ணி தெளிச்சு ராத்திரி ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா முட்டை ரெண்டு வாரத்துக்குள்ள பொரிஞ்சுரும், அதனால மூணு வாரம் தள்ளி வச்சா உள்ள இருக்குறது வெளிய வந்துரும். முட்டை கிடைச்சா கொதிக்கிற தண்ணியில போட்டுருங்க, நசுக்குறேன்னு மண்ணோட தேய்ச்சா நாலஞ்சு தப்பிச்சுரும்.

அப்புறம் நோட்டுல எந்தச் செடி, என்னிக்கு உள்ள வந்ததுன்னு ஒரு பக்கம் தனியா எழுதி வைங்க. அடுத்த மழைக்குக் கிழக்குச் சுவர்ல பொடிசு எத்தனைன்னு இங்க போடுங்க, தொட்டி தூக்குனதுக்கு முன்னாடி எழுதுனதோட சேத்து. வடவள்ளித் தம்பி, நீங்களும் சுவர்ல ஒரு அஞ்சு மீட்டர் கோடு போட்டு ஆரம்பிங்க, ரெண்டு வீட்டுக் கணக்கும் ஒரே மழைக்கு எடுத்ததா இருந்தா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

வடவள்ளி_வாசல்

சரிங்க, சாக்பீஸ் இருக்குது. ஞாயித்துக்கிழமை மழை வரும்னு சொல்றாங்க, வந்தா அன்னிக்கே எண்ணிப் போடறேன்.